பழைய நாடாவும் புதிய கணினியும்

குண்டனி நாடு என்ற பெயரைக் கேட்டவுடன், அது முற்காலத்தில் ஏதோ ஒரு சிற்றரசன் ஆண்ட தனி நாடு போலும் என்று சமவெளியில் வாழும் மாணவர்கள் எண்ணிவிடக்கூடும். நாமக்கல் மாவட்டத்தைச் சேர்ந்த கொல்லிமலையில் ஊராட்சிகளுக்கே நாடு என்று பெயர் வழங்குகிறது. வளப்பூர் நாடு, அரியூர் நாடு, சேளூர் நாடு, தின்னனூர் நாடு என்று இவ்வாறு 14 நாடுகள் உள்ளன. அவற்றுள் ஒன்று குண்டனி நாடு. காரவள்ளி வழியாக வருகிறவர்கள் 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்துதான் எங்கள் மலைக்கு வந்து சேர வேண்டும். வல்வில் ஓரியின் மலை, அறப்பளீசுவரர் கோயில் கொண்ட மலை, மிளகும் பலாவும் விளையும் மலை என்றெல்லாம் இதைப் பற்றிப் பலர் பேசியிருக்கிறார்கள். நான் இன்று எடுத்துக்கொண்ட பொருள் வேறு. வீடியோ நாடாவில் உள்ள படத்தைக் கணினிக்குள் கொண்டுவரும் கருவியையும், அக்கருவிக்கு உரிய மென்பொருளைப் புதுப்பிக்கும் முறையையும் பற்றிச் சொல்லப் போகிறேன். கண்ணால் காண வேண்டிய ஒன்றைக் காதுக்கு மட்டும் சொல்வது சிறிது வேடிக்கைதான். ஆயினும் 35 ஆண்டுகள் கரும்பலகைக்கு முன் நின்றவனுக்கு, மாணவர் முகம் தெரியாத இடத்திலும் பாடம் சொல்லும் துணிவு வந்துவிடுகிறது.

இதற்கும் எங்கள் மலைக்கும் என்ன தொடர்பு என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். 1990களில் கல்யாண வீட்டிலும் கோயில் திருவிழாவிலும் தோளில் பெரிய கேமராவைத் தாங்கிக்கொண்டு படம் எடுத்த வீடியோக்காரர்களை உங்கள் பெற்றோர் நன்கு அறிவார்கள். எங்கள் பக்கத்துப் பள்ளி ஆண்டு விழாக்களுக்கும் அத்தகையவர் ஒருவர் சமவெளியிலிருந்து வருவதுண்டு. விழா முடிந்த பின்னர் நாடா மீதம் இருந்தால், ஊர்ப் பெரியவர்களைப் பேசச் சொல்லிப் படம் எடுக்குமாறு நான் அவரைக் கேட்டுக்கொள்வேன். அவ்வாறு சேர்ந்தவை 11 நாடாக்கள். அவற்றுள் ஒன்றில், அன்றே 80 வயதைக் கடந்திருந்த ஒரு மூதாட்டி, சாமைக் கதிரைக் கையில் வைத்துக்கொண்டு, விதைக்கு எதை எடுப்பது, எதைத் தள்ளுவது என்று விளக்குகிறார். வெள்ளைப் பெருஞ்சாமை, கட்டவெட்டிச் சாமை, மல்லியச் சாமை என்று ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிக் காட்டுகிறார். மரவள்ளிக் கிழங்கு வந்து சாமைக் காடுகளைப் பெரும்பாலும் விழுங்கிவிட்ட இக்காலத்தில், அப்பெயர்களைச் சொல்லக் கூடியவர்களே சிலர்தான். பேச்சை மட்டும் எழுதி வைத்துக்கொண்டால் போதாதா என்று நீங்கள் கேட்கலாம். போதாது. "இப்படி உருவிப் பார்க்கணும், இந்தப் பதத்துல இருக்கணும்" என்று அவர் சொல்லுமிடத்தில் வாய் சொல்வது பாதி. கை சொல்வது மீதி. அந்தக் கையைக் காட்டுவது நாடா ஒன்றே. அம்மூதாட்டி மறைந்து பல ஆண்டுகள் ஆகின்றன.

நாடாவுக்கோ ஆயுள் குறைவு. வி.எச்.எஸ். என்ற இந்த நாடா முறையை ஜப்பானிய நிறுவனமான ஜேவிசி 1976ஆம் ஆண்டில் வெளியிட்டது. அரை அங்குல அகலமுள்ள பிளாஸ்டிக் நாடாவின்மேல் காந்தத் துகள்கள் பூசப்பட்டிருக்கும். மலைமேல் மூடுபனியும் மழை ஈரமும் மிகுதி. ஆதலால் நாடாச் சுருளின் விளிம்பில் வெண்மையாகப் பூசணம் படர்கிறது. பூசணம் பிடித்த நாடாவை ஓடவிட்டால், அதை ஓட்டும் கருவியும் கெடும். கருவி கெட்டால் வேறொன்று வாங்கலாமே என்றால், அதுவும் எளிதன்று. உலகில் வீடியோ நாடாக் கருவியைச் செய்துகொண்டிருந்த கடைசி நிறுவனம் என்று அறியப்பட்ட ஜப்பானின் ஃபூனாய், 2016ஆம் ஆண்டு ஜூலை மாதத்தோடு அத்தொழிலை நிறுத்திக்கொண்டது. ஆகவே பழைய படங்களைக் கணினிக்கு மாற்றும் வேலையை, நாடாவும் கருவியும் உயிரோடு உள்ளபோதே செய்து முடித்தாக வேண்டும்.

அவ்வேலைக்கு உதவும் பொருளைக் கடைக்காரர்கள் 'வீடியோ கேப்சர்' என்று சொல்கிறார்கள். தீப்பெட்டியைவிடச் சற்று நீளமான ஒரு சிறு பெட்டி. ஒரு பக்கம் மஞ்சள், வெள்ளை, சிவப்பு நிறத் துளைகள். மஞ்சளில் படம், மற்ற இரண்டிலும் ஒலி. மறுபக்கம் கணினியில் செருகும் யூஎஸ்பி முனை. நாடாக் கருவியிலிருந்து ஏறியும் இறங்கியும் வரும் மின் அலையை இது நொடிதோறும் அளந்து எண்களாக மாற்றிக் கணினிக்குள் அனுப்புகிறது. கேட்பதற்கு எளிதாக இருக்கிறதல்லவா? சிறிது கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

நம் நாட்டுத் தொலைக்காட்சியும் நாடாக்களும் பின்பற்றிய முறைக்குப் 'பால்' என்று பெயர். குடிக்கும் பால் அன்று; பி.ஏ.எல். என்ற மூன்று எழுத்துகளின் சேர்க்கை. அம்முறையில் ஒரு படம் 625 கிடைக்கோடுகளால் ஆனது. அவற்றுள் காட்சியைத் தாங்குபவை 576. ஒவ்வொரு கோட்டையும் 720 புள்ளிகளாக அளக்க வேண்டும் என்று 1982ஆம் ஆண்டில் உலக நாடுகள் ஒரு பொது விதி வகுத்தன. 720ஐ 576ஆல் பெருக்கினால் 4,14,720 புள்ளிகள். புள்ளி ஒன்றுக்கு 2 பைட்டு என்று கொண்டால், ஒரு படத்துக்கு 8,29,440 பைட்டு. நொடிக்கு 25 படங்கள். ஆகவே நொடிக்கு 2,07,36,000 பைட்டு. ஒரு மணி நேர நாடாவுக்கு ஏறக்குறைய 7,465 கோடி பைட்டு, அதாவது 75 ஜிகாபைட்டுக்குச் சற்றுக் குறைவு. காகிதமும் பென்சிலும் உள்ளவர்கள் சரிபார்த்துக்கொள்ளலாம்.

இவ்வளவு சரக்கும் அந்தச் சிறிய யூஎஸ்பி வழியாகத்தான் செல்ல வேண்டும். தொடக்க கால யூஎஸ்பியில் நொடிக்கு 15 லட்சம் பைட்டுக்கு மேல் செல்ல இயலாது. 2000ஆம் ஆண்டில் வந்த இரண்டாம் பதிப்பில் அது கணக்களவில் 6 கோடியாக உயர்ந்தது. நடைமுறையில் அதற்கும் குறைவே. எங்கள் மலைப்பாதையை எண்ணிப் பாருங்கள். வாகனங்கள் ஒழுங்காக ஏறிக்கொண்டிருக்கும் வரை தொல்லை இல்லை. ஒரு வளைவில் ஒரு லாரி நின்றுவிட்டால், கீழே எத்தனை வண்டிகள் நிற்க வேண்டியிருக்கும்! சாலையிலாவது வண்டிகள் காத்திருக்கும். நாடா காத்திராது, அது ஓடிக்கொண்டே இருக்கும். கணினி அரை நொடி வேறு வேலை பார்க்கப் போய்விட்டால், அந்த அரை நொடிக்கு உரிய 12 படங்கள் கீழே விழுந்துவிடும். அதனால்தான் ஒரே யூஎஸ்பி முனையில் பல கருவிகளைக் கிளை பிரித்துச் செருகலாகாது. படம் ஏறும்போது கணினி தானாகப் புதுப்பிப்புகளை இறக்கிக்கொண்டிருப்பதும் ஆகாது.

இனி மென்பொருளுக்கு வருவோம். கணினிக்கு ஒரு மொழி. கருவிக்கு ஒரு மொழி. இரண்டுக்கும் இடையே நின்று பேசும் மென்பொருளை டிரைவர் என்கிறார்கள். நம் கணினித் தமிழறிஞர்கள் அதை 'இயக்கி' என்று ஆக்கியிருக்கிறார்கள். என்னைக் கேட்டால், துபாஷி என்ற பழைய சொல்லே இதற்கு மிகவும் பொருந்தும் என்பேன். 18ஆம் நூற்றாண்டில் புதுச்சேரியில் டூப்ளே என்ற பிரெஞ்சுக் கவர்னருக்குத் துபாஷியாக இருந்தவர் ஆனந்தரங்கப் பிள்ளை. 1736 முதல் 1761 வரை நீளும் அவருடைய நாட்குறிப்பை வரலாற்று மாணவர்கள் அறிவார்கள். வந்தவர் சொன்னதைக் கவர்னருக்கு விளங்கவைப்பதும், கவர்னர் கேட்டதை வந்தவருக்கு விளங்கவைப்பதும் துபாஷியின் கடமை. துபாஷி இல்லையேல், இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். புதிய கவர்னர் வந்து நடைமுறைகளை மாற்றிவிட்டாலோ, துபாஷியும் புதிய முறையைக் கற்றாக வேண்டும். மென்பொருளைப் புதுப்பித்தல் என்பது ஏறத்தாழ இதுவே. கருவி மாறவில்லை; நாடா மாறவில்லை; கணினியின் இயங்குதளம் என்ற கவர்னர் மாறிவிட்டார்.

அந்த மாற்றங்களுள் சிலவற்றைச் சொன்னால் இது விளங்கும். விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் பெரும்பாலான கணினிகள் 32 பிட்டு வகையின; அக்காலக் கருவிகளோடு வந்த குறுவட்டில் உள்ள டிரைவரும் அதற்கென்றே எழுதப்பட்டது. இன்றைய விண்டோஸ் 11, 64 பிட்டு வகையில் மட்டுமே வருகிறது. பழைய டிரைவர் அதில் ஓர் அடியும் எடுத்து வைக்காது. மேலும், டிரைவர் என்பது இயங்குதளத்தின் உள்ளறை வரை செல்லும் உரிமை பெற்றது. கெட்ட எண்ணம் கொண்ட ஒன்று அங்கே நுழைந்துவிட்டால், அதைத் தடுப்பார் யாரும் இலர். ஆகவே 2007ஆம் ஆண்டு வெளிவந்த விண்டோஸ் விஸ்டாவின் 64 பிட்டுப் பதிப்பு முதற்கொண்டு, எழுதியவர் இன்னார் என்று காட்டும் எண்முறைக் கையொப்பம் இல்லாத டிரைவரை விண்டோஸ் உள்ளே விடுவதில்லை. இணையத்தில் சிலர், இந்தச் சோதனையை அணைத்துவிட்டு டிரைவரை நிறுவுங்கள் என்று யோசனை சொல்கிறார்கள். வாயிற்காவலனைத் தூங்கவைத்துவிட்டு விருந்தாளியை அழைக்கும் யோசனை அது. செய்யாதீர்கள்.

புதுப்பித்தால் எல்லாம் நன்மையே என்றும் எண்ணிவிடக் கூடாது. 2016ஆம் ஆண்டு ஆகஸ்டில் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் விண்டோஸ் 10க்கு ஒரு பெரிய புதுப்பிப்பை வெளியிட்டது. ஒரே கேமராவை ஒரே நேரத்தில் பல மென்பொருள்கள் பயன்படுத்த வழிசெய்வது அதன் நோக்கங்களுள் ஒன்று. அதற்காக, கேமராக்கள் சுருக்கி அனுப்பும் சில வகைப் படங்களை மென்பொருள்கள் நேரடியாகப் பெறுவதை அது நிறுத்தியது. விளைவு என்ன? அதுவரை ஒழுங்காக இயங்கிய பல கேமராக்களில் படம் சிறிது நேரத்தில் அப்படியே உறைந்து நின்றது. குறை கேமராவில் இல்லை. அதை வாங்கியவரிடமும் இல்லை. பின்னர் நிறுவனமே ஒரு திருத்தத்தை வெளியிட்டுச் சரிசெய்தது. 2024ஆம் ஆண்டு ஜூலை 19ஆம் நாள் நடந்தது இன்னும் பெரியது. கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய பிழையான ஒரு சிறு கோப்பு, இயங்குதளத்தின் உள்ளறையில் வேலை செய்யும் அதன் டிரைவரை நிலைகுலையச் செய்தது. உலகெங்கும் ஏறத்தாழ 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத்திரை காட்டி நின்றன. நம் நாட்டு விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். கையெழுத்துப் பயிற்சி வீண் போவதில்லை என்று அன்று நான் நினைத்துக்கொண்டேன்.

இப்போது எங்கள் நாடாக்களுக்குத் திரும்புவோம். நாங்கள் வாங்கிய கருவியின் பெயரும் கடையின் பெயரும் இங்கே வேண்டா. அதனுடன் உள்ளங்கை அளவுள்ள ஒரு குறுவட்டு வந்தது. புதிய மடிக்கணினிகளில் குறுவட்டைப் போடும் தட்டே இல்லை. வேறொரு கணினியில் போட்டுப் பார்த்தால், அதில் இருந்தது பழைய விண்டோஸுக்கு உரிய டிரைவர். பெட்டியின்மேல் அச்சிட்டிருந்த இணைய முகவரியோ திறக்கவே இல்லை. எனக்கு இவ்வேலையில் துணையாக இருப்பவர் என் பழைய மாணவி ஒருவர். இப்போது சமவெளியில் கல்லூரியில் படிக்கிறார். அவர் இணையத்தில் தேடிவிட்டு என்னிடம் வந்தார்.

"ஐயா, ஒரு இடத்துல நம்ம கணினியில 27 டிரைவர் பழசாப் போச்சுன்னு காட்டுது. ஒரு பட்டனை அழுத்தினா எல்லாத்தையும் அவங்களே புதுசாப் போட்டுத் தருவாங்களாம். போடட்டுமா?"

"நம் கணினியை அவர்கள் எப்போது வந்து பார்த்தார்கள்?" என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டார். இவ்வகை விளம்பரங்களை மாணவர்கள் பலர் மெய்யென்று நம்பிவிடுகிறார்கள். நோயாளியைப் பாராமலே நோயின் பெயரையும் மருந்தின் விலையையும் சொல்லும் வைத்தியரிடம் நாம் போவோமா?

அவ்வாறாயின் சரியான டிரைவரை எப்படித் தேடுவது? இங்கேதான் இச்சிறு கருவிகளின் ஒரு விந்தையைச் சொல்ல வேண்டும். ஈஸிகேப் என்ற பெயரிலும் அதைப் போன்ற பெயர்களிலும் உலகெங்கும் விற்கப்படும் மலிவான கருவிகள் வெளியே பார்க்க ஒன்றுபோல இருக்கும். பெட்டியைத் திறந்தால் உள்ளே இருக்கும் சில்லு வேறு வேறு. சின்டெக் என்ற நிறுவனத்தின் சில்லு ஒன்றில். எம்பியாவின் சில்லு இன்னொன்றில். சோமாஜிக், ஃபுஷிகாய் என்ற நிறுவனங்களின் சில்லுகள் மற்றவற்றில். ஒன்றுக்கு உரிய துபாஷி மற்றொன்றின் மொழியை அறியான். ஆகவே பெட்டியின் பெயரை வைத்து டிரைவரைத் தேடினால் பெரும்பாலும் ஏமாற்றமே.

நல்ல வேளையாக, யூஎஸ்பி முறையில் ஒவ்வொரு கருவியும் கணினியில் செருகியவுடன் தன் குலத்தையும் பெயரையும் தானே சொல்லிவிடுகிறது. செய்தவர் யார் என்பதற்கு ஓர் எண். பொருள் எது என்பதற்கு ஓர் எண். 16ஐ அடியாகக் கொண்ட எண்முறையில் ஒவ்வொன்றும் நான்கு இலக்கம் உடையது. விண்டோஸில் டிவைஸ் மேனேஜர் என்ற பகுதிக்குச் சென்று, அக்கருவியின் விவரங்களுள் ஹார்டுவேர் ஐடி என்பதைப் பார்த்தால் அவ்வெண்கள் தெரியும். முதலில் அவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். பின்னர் அவ்வெண்களைக் கொண்டே தேடுங்கள். சில்லைச் செய்த நிறுவனத்தின் தளம், கணினி நிறுவனத்தின் தளம், மைக்ரோசாஃப்டின் புதுப்பிப்புப் பட்டியல் ஆகிய இடங்களிலிருந்து மட்டும் எடுங்கள். எடுத்த கோப்பின் பண்புகளில் எண்முறைக் கையொப்பம் இருக்கிறதா, அது யாருடையது என்பதையும் பார்த்துவிடுங்கள். எங்கள் மலையில் கைப்பேசி அலை ஓரிடத்தில் கிடைக்கும், மறு இடத்தில் கிடைக்காது. பெரிய கோப்பு பாதியில் அறுந்துபோகும். ஆகவே கீழே போகும்போது நல்ல இணைப்பில் இறக்கிப் பென் டிரைவில் கொண்டுவருவது எங்கள் வழக்கம். அறுந்த கோப்பைக் கொண்டு நிறுவ முயன்று, கருவி கெட்டுவிட்டது என்று முடிவு கட்டியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

நிறுவுவதற்கு முன் செய்ய வேண்டியது ஒன்று உண்டு; அதை எவரும் செய்வதில்லை. இப்போது உள்ள டிரைவரின் பதிப்பு எண்ணையும் தேதியையும் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். விண்டோஸில் ரெஸ்டோர் பாயிண்ட் என்ற மீட்பு நிலை ஒன்றையும் அமைத்துக்கொள்ள வேண்டும். புதியது ஒத்துவராவிட்டால், டிவைஸ் மேனேஜரில் ரோல் பேக் என்ற கட்டளையால் பழைய டிரைவருக்கே திரும்பலாம். திரும்பி வரும் வழி தெரியாமல் காட்டுக்குள் போகாதே என்று எங்கள் மலைப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

டிரைவர் வேறு, ஃபர்ம்வேர் வேறு. டிரைவர் கணினியில் தங்குவது. ஃபர்ம்வேர் என்பது கருவியின் உள்ளேயே பதிந்திருக்கும் மென்பொருள். விலை உயர்ந்த கருவிகளுக்கு அதையும் புதுப்பிக்க வேண்டிவரும். அப்போது பழைய எழுத்தை அழித்துப் புதிய எழுத்தை எழுதுவார்கள். அழித்து முடிந்து எழுதி முடிவதற்குள் மின்சாரம் போய்விட்டால், அக்கருவி தன் பெயரைச் சொல்லவும் தெரியாத வெறும் பெட்டியாகிவிடலாம். இடியும் மழையும் உள்ள நாளில் இவ்வேலை கூடாது. மடிக்கணினியின் மின்கலம் நிறைந்திருக்க வேண்டும். கம்பியை அசைக்கக் கூடாது. வேறு குறை ஒன்றும் இல்லாதபோது, புதிது வந்திருக்கிறது என்பதற்காக மட்டும் ஃபர்ம்வேரைத் தொடாமல் இருப்பதே நலம் என்பது என் கருத்து.

எங்கள் கருவிக்கு விண்டோஸ் 11இல் ஒத்துவரும் டிரைவர் கிடைக்கவே இல்லை. செய்தவர்கள் அதைக் கைவிட்டுவிட்டார்கள். வழி திறந்தது வேறு பக்கத்தில். தமிழ்நாட்டு அரசு 2011ஆம் ஆண்டு முதல் மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கியதை அறிவீர்கள். அவற்றில் விண்டோஸோடு, சி-டாக் என்ற அரசு நிறுவனம் உருவாக்கிய பாஸ் என்ற லினக்ஸ் இயங்குதளமும் இருந்தது. பலர் அதைத் திறந்துகூடப் பார்த்ததில்லை, அழித்தவர்களும் உண்டு. அந்த மாணவியின் அண்ணனுக்குக் கிடைத்த மடிக்கணினி வீட்டில் சும்மா கிடந்தது. அதில் லினக்ஸின் பிந்திய பதிப்பு ஒன்றை நிறுவினோம்.

லினக்ஸின் முறை வேறானது. அங்கே டிரைவர்களில் மிகப் பலவும் இயங்குதளத்தின் கருவோடு சேர்ந்தே வருகின்றன; கருவைப் புதுப்பித்தால் அவையும் உடன் புதுப்பிக்கப்படுகின்றன. அதன் மூலநிரல் உலகோர் எல்லாருக்கும் திறந்து கிடக்கிறது. செய்த நிறுவனம் கைவிட்ட கருவிக்கும், யாரோ ஓர் ஆர்வலர் எங்கோ இருந்து டிரைவர் எழுதிச் சேர்த்துவிடுகிறார். முன்பு சொன்ன சின்டெக் சில்லுக்கு உரியது 2012ஆம் ஆண்டின் இறுதியில் லினக்ஸ் கருவில் சேர்ந்தது. ஃபுஷிகாய் சில்லுக்கு உரியது அடுத்த ஆண்டில் சேர்ந்தது. எங்கள் கருவியில் இருந்த சில்லும் அவ்வாறு இடம்பெற்றவற்றுள் ஒன்று. குறுவட்டு இல்லை, பதிவிறக்கம் இல்லை. செருகியவுடன் கணினி அதை அறிந்துகொண்டது.

நாடாவை ஓடவிட்டோம். திரையில் படம் வந்தது. ஆனால் நிறம் இல்லை. கறுப்பு வெள்ளைக் கோடுகளாக மேலும் கீழும் உருண்டது. "நாடா போயிடுச்சு, ஐயா" என்று மாணவி மெல்லச் சொன்னார். நான் விடையளிக்கவில்லை. பழைய தொலைக்காட்சிப் பெட்டியில் அதே நாடா அன்று காலையில் தெளிவாக ஓடியதை நாங்கள் இருவரும் பார்த்திருந்தோம். ஆகவே குறை நாடாவில் இருக்க முடியாது. டிரைவரின் அமைப்புகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தார் அவர். படமுறை என்ற இடத்தில் என்டிஎஸ்சி என்று இருந்தது. அது அமெரிக்காவும் ஜப்பானும் பின்பற்றிய முறை; 525 கோடுகள், நொடிக்கு ஏறத்தாழ 30 படங்கள். நம் பால் முறையில் எழுதியதை அம்முறையில் படித்தால், படம் உருளத்தான் செய்யும், நிறமும் வாராது. புதிதாக நிறுவிய பெரும்பாலான டிரைவர்கள் அந்த அமைப்போடுதான் வருகின்றன. பழைய டிரைவரில் நீங்கள் பால் என்று மாற்றி வைத்திருந்தாலும், புதுப்பித்தவுடன் அது மீண்டும் என்டிஎஸ்சி ஆகிவிடுவதுண்டு. மாணவி அதைப் பால் என்று மாற்றினார். உருளுதல் நின்றது. மூதாட்டியின் சேலையின் பச்சை தெரிந்தது. விரல்களுக்கிடையே கதிர் உருண்டது. மணி ஒன்று உள்ளங்கையில் உதிர்ந்தது. அந்த மணி உதிரும் இடத்தை அவர் இரண்டு முறை ஓட்டிப் பார்த்தார்.

விண்டோஸிலும் இதுபோன்ற பொய்க் குறைகள் உண்டு. விண்டோஸ் இக்கருவிகளைக் கேமரா என்றே கருதுகிறது. பெரிய புதுப்பிப்பு ஒன்றுக்குப் பின் திரை வெறும் கறுப்பாக இருந்தால், டிரைவரைக் குறை கூறுவதற்கு முன், அந்தரங்கப் பாதுகாப்பு அமைப்புகளில் கேமராவுக்கும் மைக்குக்கும் அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள். கேமரா அனுமதி அணைந்திருந்தால், நாடாப் படமும் உள்ளே வாராது.

புதிதாகக் கருவி வாங்குகிறவர்களுக்கு ஒரு செய்தி. 2003ஆம் ஆண்டில் யூஎஸ்பி அமைப்பினர் படக் கருவிகளுக்கென்று யூவிசி என்ற பொது மொழி ஒன்றை வகுத்தார்கள். அம்மொழியில் பேசும் கருவிக்குத் தனித் துபாஷி வேண்டா. விண்டோஸிலும் லினக்ஸிலும் உள்ள பொது டிரைவரே போதும். இன்றைய கேமராக்கள் பெரும்பாலும் இவ்வகையினவே. கடையில் நிறம் எது, விலை என்ன என்பதோடு, யூவிசி உண்டா என்றும் கேளுங்கள். கடைக்காரருக்குத் தெரியாவிட்டால், பெட்டியின்மேல் டிரைவர் தேவையில்லை என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

எல்லாக் கணினியையும் எப்போதும் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டுமா என்று மாணவர்கள் கேட்கிறார்கள். இணையத்தில் சேர்ந்திருக்கும் கணினிக்கு என் விடை, ஆம். 2025ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாளோடு விண்டோஸ் 10க்கு வழக்கமான இலவசப் பாதுகாப்புத் திருத்தங்கள் முடிவுற்றன. அத்தகைய கணினியில் வங்கிக் கணக்கைத் திறந்து பார்ப்பது பூட்டில்லாத வீட்டில் நகையை வைப்பது போன்றது. நாடாவுக்கென்றே ஒதுக்கி, இணையத்தோடு சேர்க்காமல் வைத்திருக்கும் கணினிக்கு என் விடை வேறு. அது இன்று ஒழுங்காக வேலை செய்கிறதானால், அவ்வாறே இருக்கட்டும். வேலை நடுவில் இருக்கும்போது கருவியின் மென்பொருளை மாற்றக் கூடாது.

எங்களிடம் இதற்கென்று ஒரு 40 பக்க நோட்டு இருக்கிறது. நாடாவின் எண், ஓட்டிய நாள், லினக்ஸின் பதிப்பு எண், படமுறை, விழுந்த படங்களின் எண்ணிக்கை ஆகியவற்றை அதில் மாணவி எழுதுகிறார். மாற்றிய கோப்புகளை இரண்டு வன்வட்டுகளில் வைத்து, ஒன்றை மலைக்குக் கீழே அனுப்பிவிட்டோம். 11 நாடாக்களுள் 7 முடிந்தன. மீதி 4இலும் விளிம்பில் பூசணம் இருக்கிறது. பங்குனி மாதத்து வெயிலில் ஈரம் குறைந்த பிறகு, அவற்றைத் துடைத்து ஓட்ட எண்ணியிருக்கிறோம். அதுவரை யாரும் புதுப்பிக்கக் கூடாது என்று எழுதி, அந்த மடிக்கணினியின் மூடிமேல் ஒரு காகிதம் ஒட்டியிருக்கிறது.